இன்னாத்துக்கு வந்தான்?

ஜமுனாமரத்தூரில் பேருந்தை விட்டு இறங்கி, நான் வேலை பார்த்த துணை சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டுமென்றால் அவருடைய ஜீப்பைத்தான் நம்ப வேண்டும். மலையில் எல்லோரும் அவரை ஜீப்பண்ணன் என்றே சொன்னார்கள். அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான். வெளியாள் யாராவது வந்து விசாரித்தால் அவருடைய மனைவியே, "ஜீப்பண்ணன் வூட்ல இல்லீங்க, சந்தைக்குப் போய்க்கீறாரு" என்பாள். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அதை இங்கே எழுதினால், படிக்கிற அவருக்கே வேறு யாரையோ பற்றி எழுதியிருப்பதாகத் தோன்றும்.

நான் கலசப்பாக்கத்துப் பெண். கிராம சுகாதாரச் செவிலியராக வேலை கிடைத்து முதல் நாள் மலையேறியபோது முன் சீட்டில் அவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பின்னால் ஆட்டுக்குட்டியோடு ஒரு குடும்பம், சாமை மூட்டைகள், ஒரு புதுத் தையல் மிஷின். வண்டி கிளம்பியதும் கேட்டார்.

"நர்சம்மா, நீங்க இன்னாத்துக்கு மலைக்கு வந்தீங்க?"

"போஸ்டிங் போட்டிருக்காங்க."

"போஸ்டிங் சரிங்க. இன்னாத்துக்கு வந்தீங்க?"

கிண்டல் செய்கிறார் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வண்டி மெதுவாகி, மெதுவாகி, நடுரோட்டில் நின்றேவிட்டது. பின்னாலிருந்து ஒரு பெண், "பதில் சொல்லிடும்மா, இல்லன்னா வண்டி போவாது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவரின் முகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வூட்ல கஷ்டம். அப்பா பென்ஷன் ஒண்ணுதான் வருது. எனக்குக் கெடைச்சது இந்த வேலைதான்" என்றேன்.

"ஆங்" என்று தலையாட்டிவிட்டு கியரைப் போட்டார். அதற்குப் பிறகு ஊர் வந்து சேரும்வரை என்னை ஒன்றும் கேட்கவில்லை.

அவர் குணமே அதுதான். எதைப் பார்த்தாலும் இன்னாத்துக்கு என்று கேட்பார். கேட்டுவிட்டு வாதம் செய்ய மாட்டார், பதிலுக்காகக் காத்திருப்பார். பதிலைக் கேட்கும்போது அவருடைய கால் ஆக்சிலேட்டரிலிருந்து தானாக எழுந்துவிடும். அதனால் அவசரமாகப் போகிறவர்கள், கேள்வி வருவதற்கு முன்பே தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வார்கள்.

தடுப்பூசியை இன்னாத்துக்குத் தொடையில் போடுகிறீர்கள், காவல்காரனுக்கு இன்னாத்துக்குக் காக்கி, பள்ளிக்கூடத்துக்கு இன்னாத்துக்கு மே மாதம் லீவு, மலையில் அப்போது வெயிலே இல்லையே. தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததை ஊருக்குப் போகும்போது யாரையாவது கேட்டுக்கொண்டு வருவேன். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஒருநாள் கலெக்டர் முகாமுக்கு மனு கொடுக்கப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு வந்தபோது என்னைக் கேட்டார்.

"கலெக்டர், கலெக்டர்ன்றோமே, அப்பிடின்னா இன்னா அர்த்தம் நர்சம்மா?"

"வசூல் பண்றவருன்னு அர்த்தம்ண்ணா. வெள்ளைக்காரன் காலத்துல வரி வசூல் பண்ணத்தான் அந்த வேலையே இருந்துச்சு."

கால் மேலே எழுந்துவிட்டது. "வசூல் பண்ண வந்தவரு கிட்ட இன்னாத்துக்கு நாம போயி குடுங்க குடுங்கன்னு கேக்கறோம்?"

மனுவோடு வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் குத்திக்காட்டவில்லை. பெயரும் வேலையும் ஒட்டாமல் இருப்பது அவருக்கு வேடிக்கையாக இருந்தது, அவ்வளவுதான். இப்படி எந்தக் கேள்வியை இழுத்தாலும் அதன் நுனி வெள்ளைக்காரனிடம் போய் முடிந்தது. காக்கியும் அவன்தான், மே மாத லீவும் அவன்தான். "எதப் புடிச்சு இழுத்தாலும் அவன் கையில போயி நிக்குதே. அத்தினி தூரத்துலர்ந்து கப்பலேறி, நம்ம மலைக்கு இன்னாத்துக்கு வந்தான்?" என்பார். அவருக்கு இருந்த பெரிய கேள்வி அதுதான்.

அதற்குக் காரணம் அவருடைய வீட்டு வழியிலேயே இருந்தது. எங்கள் நிலையத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தார் ரோடு முடிந்துவிடும். அந்த இடத்தில் சுண்ணாம்பு அடித்த ஒரு கல் குவியல். அங்கிருந்து ரிசர்வ் காடு. அதற்குள்ளே ஒரு மண் பாதை உண்டு. அது வனத்துறை வண்டிக்கு மட்டும். அவருடைய ஊர் அந்தப் பாதையின் கோடியில், சரிவில் கொஞ்சம் வீடுகளும் சாமைக் கொல்லைகளுமாக இருந்தது. ஆகவே மலைக்கெல்லாம் ஜீப் ஓட்டியவர், சாயங்காலம் கல் குவியலுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திப் பூட்டிவிட்டு, வீட்டுக்கு நடந்து போவார்.

"இந்தக் கல்ல யாருண்ணா வெச்சது?" என்று ஒருமுறை நானே கேட்டேன்.

"அவன்தான். எங்க பாட்டனுக்குப் பாட்டன் பாத்தாராம். குதிரை மேல ஒருத்தன் குந்திக்கினு கைய நீட்டினானாம். கை நீண்ட பக்கமெல்லாம் கல்லு வெச்சாங்களாம்." பிறகு, "கை வலிச்சிருக்கும்" என்றார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

வெள்ளைக்காரனுக்கு இந்தக் காடு எதற்கு என்று அடுத்த லீவில் அப்பாவிடம் கேட்டேன். அப்பா போளூர்ப் பக்கம் ரயில் பாதையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "அப்பல்லாம் நிலக்கரி தூரத்துலர்ந்து கப்பல்ல வரணும், கட்டுப்படியாவல. இஞ்சினுக்கு விறகுதான் போட்டாங்க. ஜோலார்பேட்டை லைன்ல வண்டி ஓடினதே இந்த மலை விறகுலதான்னு எங்க மேஸ்திரி சொல்வாரு. அவன் வெட்டின வேகத்துக்கு மரம் தீர்ந்து போற மாதிரி ஆச்சு. அப்பால, ஜனங்களை வுட்டா நமக்கு மிஞ்சாதுன்னு சட்டம் போட்டு எடுத்துக்கினான்" என்றார்.

இதை ஜீப்பண்ணனிடம் சொன்னபோது ஜீப் நின்றுவிட்டது. பின்னால் இருந்தவர்கள் இறங்கி வெற்றிலை போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

"ரயிலுக்கா!" என்றார். அவருக்கு அது மிகவும் பிடித்திருந்தது. தன் மலை எரிந்து ரயிலாக ஓடியதை மனதில் ஓட்டிப் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு கேட்டார். "சரி, கரி வந்துச்சு. அப்பால டீசல் வந்துச்சு. இப்ப கரண்ட்ல ஓடுது. விறகே வேணாம்னு ஆன அப்பால இன்னாத்துக்குக் காட்டத் திருப்பிக் குடுக்கல?"

போனில் அப்பாவைக் கேட்டேன். அப்பா சிரித்தார். "கைக்கு வந்ததை எவன் திருப்பிக் குடுத்தான்? அவனே போனான், இவங்க வந்தாங்க. இவங்க மட்டும் குடுத்துட்டாங்களா? கேக்கறவன் வெவரம் தெரியாதவன் போலக்கீது."

அதையும் அப்படியே சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்கப்பா சொல்றது நெசம்தான். ஆனா குடுக்கலன்னுதான் சொல்றாரு. இன்னாத்துக்குக் குடுக்கலன்னு சொல்லலியே" என்றார்.

வெள்ளைக்காரனைத் திட்டுகிறவர்களும் புகழ்கிறவர்களும் அவருடைய ஜீப்பில் ஏறுவார்கள். தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், குண்டும் குழியுமாக இருந்த ரோட்டில் தலை இடித்துக்கொண்டே, "வெள்ளைக்காரன் போயிருக்கவே கூடாது. இருந்திருந்தா இந்த ரோடெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றார். "அவன் இங்க இருந்தப்ப ரோடு இருந்துச்சுங்களா?" என்று இவர் கேட்டார். "அப்ப இல்லதான்" என்றார் அவர். "அப்ப இன்னாத்துக்குங்க போடல?" அந்த மனிதர் நியாயமானவர், யோசித்தார். "மலையில இருந்து கீழ எடுத்துட்டுப் போறதுக்கு வழி போட்டிருப்பான். மலைக்கு மேல கொண்டு வர்றதுக்கு அவனுக்கு ஒண்ணும் இல்லியே" என்று தன்னையே மறுத்துக்கொண்டார். இறங்கும்போது ஜீப்பண்ணன் அவருடைய பையைத் தானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். நல்ல பதில் சொன்னவர்களுக்கு அந்த மரியாதை உண்டு.

வேலூரிலிருந்து ஒரு மருத்துவக் குழு முகாம் போட வந்தபோது அதில் ஓர் இங்கிலாந்துப் பெண் இருந்தாள். படிப்பை முடித்துவிட்டுப் பயிற்சிக்கு வந்த இளம் டாக்டர். காலையில் ஜீப்பில் ஏறும்போதே அவள் எந்த நாட்டுக்காரி என்று ஜீப்பண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. நாள் முழுக்கப் பொறுத்திருந்தார். முகாம் முடிந்து எல்லோரும் டீ குடிக்கும்போது, குழுவில் இருந்த தமிழ் டாக்டரிடம் வந்தார்.

"சார், அந்தம்மா கிட்ட ஒண்ணு கேக்கணும். கோச்சுக்க மாட்டாங்களே?"

இன்னாத்துக்கு வந்தீங்க என்று அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். அவர் கேட்டது வேறு.

"அவங்க ஊர்ல காடு யாருது?"

டாக்டர் மொழிபெயர்த்தார். அவள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். அவளுடைய ஊர் சின்ன ஊராம். ஊருக்குப் பக்கத்தில் எல்லோருக்கும் பொதுவான காடு இருந்ததாம். மாடு மேய்த்து, விறகு பொறுக்கி, முயல் பிடித்து ஏழை ஜனம் அதை வைத்துத்தான் பிழைத்ததாம். ஒரு காலத்தில் பெரிய நிலக்காரர்கள் சட்டம் போட்டு அதைச் சுற்றி வேலி வளைத்துக்கொண்டார்களாம். அவளுடைய முன்னோர் ஒருவர் வேலிக்குள் முயல் பிடித்து மாட்டிக்கொண்டார். அவரைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரவே இல்லை. "எங்க வீட்டுல இன்னிக்கும் சொல்லுவாங்க" என்று அவள் சொன்னதாக டாக்டர் சொன்னார்.

ஜீப்பண்ணன் வாயைத் திறந்தபடி நின்றார். "முயலுக்கா?" என்றார். அவளுக்கு அது மொழிபெயர்க்காமலே புரிந்த மாதிரி தலையை ஆட்டினாள்.

அன்றைக்குத் திரும்பும்போது வண்டி எங்கும் நிற்கவில்லை. என்னை இறக்கிவிடும்போதுதான் பேசினார். "அவனுங்க சொந்த ஜனத்துக்கே மொதல்ல இத்தச் செஞ்சுட்டுத்தான் இங்க வந்துக்கீறானுங்க நர்சம்மா. நான் நம்ம மேல மட்டும் இன்னா கோவம்னு நெனச்சுக்கினு இருந்தேன்." அடுத்த நாளிலிருந்து அவருடைய கேள்வி கொஞ்சம் மாறியது. வெள்ளைக்காரன் என்று சொல்வதைக் குறைத்துக்கொண்டார். "எடுத்துக்கினவன்" என்று சொல்ல ஆரம்பித்தார்.

அந்த மழைக்காலத்தில்தான் அது நடந்தது. நான் அவருடைய ஊருக்கு நடந்து போயிருந்தேன். அங்கே நிறைமாதப் பெண் ஒருத்தி, முதல் பிரசவம். ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்து முன்கூட்டியே தங்கிவிடு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நான் இருக்கும்போதே வலி எடுத்தது. வலியோடு உதிரமும் போக ஆரம்பித்தது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. டோலி கட்டித் தூக்கிப் போகலாம் என்று ஆண்கள் மூங்கிலை எடுத்தார்கள். வழுக்குகிற அந்தப் பாதையில் நான்கு பேர் தோளில் அவளை இறக்கும்வரை உயிர் தாங்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய புருஷன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஜீப்பண்ணன் வண்டியோடு வந்து சேர்ந்திருப்பார் என்று கல் குவியலை நோக்கி ஓடினான்.

கொஞ்ச நேரத்தில் காட்டுக்குள் ஜீப் சத்தம் கேட்டது. வனத்துறை வண்டியைத் தவிர வேறு வண்டிச் சத்தம் ஊருக்குள் கேட்பது அதுதான் முதல் தடவை. குழந்தைகள் மழையில் வெளியே ஓடின. வழியில் ஒரு மரம் சாய்ந்து கிடந்திருக்கிறது. ஜீப்பண்ணனும் அவளுடைய புருஷனும் கொடுவாளால் கிளைகளைக் கழித்துத் தள்ளிவிட்டு வந்திருக்கிறார்கள். அவளைப் பின் சீட்டில் படுக்க வைத்து, கால்களை உயர்த்தி என் மடியில் வைத்துக்கொண்டேன். போகும் வழியெல்லாம் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து அவர் கால் ஒருமுறைகூட எழவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். தாயும் பிழைத்தாள், பெண் குழந்தையும் பிழைத்தது.

மறுநாள் வனக்காவலர் வந்தார். அவர் வேறு யாருமில்லை, ஜீப்பண்ணனுடைய மனைவியின் தம்பி. அக்கா வீட்டு வாசலில் காக்கியோடு தலையைக் குனிந்து நின்றார்.

"இன்னா பண்றது மாமா. டயர் தடத்த மேலதிகாரிங்க பாத்துட்டாங்க. மரத்த வெட்டினது, உள்ள வண்டி ஓட்டினது, ரெண்டுக்கும் கேஸ் எழுதச் சொல்லிட்டாங்க. ரூல்ஸ்."

"உனுக்கு யாருனா சொன்னாங்களா மச்சான், அந்த ரூல்ஸ் இன்னாத்துக்குன்னு?"

"சொல்லல மாமா. நானும் கேக்கல."

"குந்து. சோறு துன்னுட்டு எழுது" என்றார்.

அவருடைய மனைவி உள்ளேயிருந்து தம்பியைத் திட்டிய திட்டு எங்கள் நிலையம்வரை கேட்டிருக்கும். ஜீப்பை வனச்சரக அலுவலகத்துக்குக் கொண்டு போய்விட்டார்கள். அது அந்த முற்றத்தில் மாதக்கணக்கில் நின்றது. பாகற்கொடி பானெட்மேல் ஏறிப் பூத்தது. அவர் பிழைப்புக்குக் கட்டட வேலைக்குப் போனார். சந்தை நாளில் மட்டும் வந்து கம்பி வேலிக்கு வெளியே நின்று வண்டியைப் பார்த்துவிட்டுப் போவார். ஒரு நாள் நானும் கூட நின்றேன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும், "எலி பூந்து ஒயரக் கடிச்சிருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

மலைக்குக் கீழே நீதிமன்றத்தில் விசாரணை வந்தது. பிரசவ விஷயத்தைச் சொல்ல நானும் போயிருந்தேன். இலவச சட்ட உதவியில் ஓர் இளம் வக்கீல் அம்மா வந்தார். ஒத்துக்கொண்டால் அபராதத்தோடு முடிந்துவிடும், வண்டியும் திரும்பக் கிடைக்கும் என்றார். நீதிபதி என்னை விசாரித்தார், நடந்ததைச் சொன்னேன். பிறகு அவரைப் பார்த்து, "ஒத்துக்கறீங்களா?" என்று கேட்டார்.

"ஒத்துக்கறேனுங்க. ஒண்ணு கேக்கலாங்களா?"

வக்கீல் அம்மா அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார். நீதிபதி, "கேளுங்க" என்றார்.

"இது அவங்க காடுன்றாங்க. அவங்க யாருகிட்டர்ந்து வாங்கினாங்க?"

நீதிபதி பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார். "அது இப்போ என் முன்னாடி இருக்கிற கேள்வி இல்லை" என்றார். குரலில் கடுமை இல்லை. குறைந்த அபராதம் போட்டு வண்டியை விடச் சொன்னார்.

வெளியே வந்ததும் அவருக்கு ஏக சந்தோஷம். நான் வண்டி கிடைத்ததற்காக என்று நினைத்தேன். "கேள்வி தப்புன்னு அய்யா சொல்லல பாத்தீங்களா? என் முன்னாடி இல்லன்னுதான் சொன்னாரு. அப்ப வேற யார் முன்னாடியோ கீது. யார் முன்னாடிம்மா?" என்று வக்கீலைக் கேட்டார்.

வக்கீல் அம்மா சிரித்துவிட்டார். புங்க மரத்தடியில் நின்றபடியே சொன்னார். வன உரிமைச் சட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது. காட்டு ஜனங்களுக்குப் பழைய காலத்தில் நடந்தது அநியாயம் என்று அந்தச் சட்டமே ஒத்துக்கொள்கிறது. ரோடு வேண்டும், எங்கள் காட்டை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று கேட்கிற இடம் கோர்ட் இல்லை. "உங்க ஊர் கிராம சபை முன்னாடி இருக்குண்ணா அந்தக் கேள்வி."

"எங்க முன்னாடியேவா?" என்றார் அவர்.

அதற்கப்புறம் அவர் வேறு ஆளாக அலைந்தார். ஊர் ஜனத்தைக் கூட்டினார். எந்தச் சரிவில் யார் தேன் எடுத்தது, எங்கே மாடு மேய்ந்தது, எந்த மேட்டில் மூதாதையர் சமாதி இருக்கிறது என்று ஊரே நடந்து காட்டியது. படித்த பிள்ளைகள் போனில் இடத்தைக் குறித்தார்கள். மனு திரும்பி வந்தது. திருத்திப் போட்டார்கள். மறுபடி திரும்பியது. இன்னாத்துக்குத் திரும்பியது என்று அவரே ஒவ்வொரு ஆபீசாகப் போய்க் கேட்டார். அவர் கேட்பதில் சண்டை வாடை இல்லாததால் நாற்காலி போட்டு உட்கார வைத்துச் சொல்கிறவர்களும் இருந்தார்கள். வருஷங்கள் போயின. கடைசியில் உத்தரவு வந்தது. ரோட்டுக்கு அனுமதி, ஊரைச் சுற்றியிருந்த காட்டை ஊர்க் குழுவே நிர்வாகம் செய்யலாம். அவரைக் குழுவுக்குத் தலைவராக்கினார்கள்.

ரோடு போட்டு முடிந்த அன்று நானும் ஜீப்பில் இருந்தேன். கல் குவியலைத் தாண்டி, காட்டைத் தாண்டி, அவருடைய வீட்டு வாசலுக்கே வண்டி போனது. அவருடைய மனைவி ஆரத்தியோடு நின்றாள். அவர் இன்ஜினை அணைக்காமல் முன்னாலும் பின்னாலும் வண்டியை நகர்த்திக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா?"

"வூட்டாண்ட வண்டிய எங்க நிறுத்தறதுன்னு தெரியல நர்சம்மா" என்றார்.

அந்த வருஷமே எனக்குக் கணியம்பாடிப் பக்கம் மாற்றல் வந்துவிட்டது. கல்யாணம், குழந்தை, வேலை. அமிர்தி வழியாகப் போகும்போதெல்லாம் மலையைப் பார்ப்பேன். ஏறிப் பார்க்க நேரம் வாய்க்கவில்லை. சில வருஷங்கள் கழித்து ஒரு தடுப்பூசி முகாமுக்காக ஜமுனாமரத்தூர் போனேன். சந்தை நாள். டீக்கடையில் லுங்கி கட்டிக்கொண்டு ஒருவர் வணக்கம் வைத்தார். யாரென்று தெரியவில்லை. பிறகுதான் காக்கி இல்லாததால் அடையாளம் தெரியவில்லை என்று புரிந்தது. ஜீப்பண்ணனுடைய மச்சான்; ஓய்வு பெற்றுவிட்டார்.

"மாமாவத் தலைவர்லர்ந்து எறக்கிட்டாங்க தெரியுமா? பாதி ஊரு அவர்கிட்டப் பேசறதில்ல" என்றார்.

விஷயத்தைச் சொன்னார். மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் இன்னோர் ஊர். அவர்களும் இதே ஜனம், பெண் கொடுத்து எடுத்த உறவு. முகட்டுக்கு இந்தப் பக்கச் சரிவில் இருக்கிற புளிய மரங்களை வழிவழியாக அவர்கள்தான் உலுக்குவார்கள். வரைபடம் போட்டபோது அந்தச் சரிவு இவர்கள் பங்கில் வந்துவிட்டது. புளி விலை ஏறியிருந்த நேரம். இனி வெளியூர்க்காரர் குழுவின் அனுமதி இல்லாமல் உள்ளே வரக் கூடாது என்று ஊர் முடிவெடுத்தது. தலைவர் என்ற முறையில் அவரும் தலையாட்டினார். அந்த ஊர்க்காரர்கள் வந்து கேட்டார்கள். இவர் குழுவில் யாரையும் கலக்காமல், மரம் உங்களுடையது, உலுக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். கூட்டத்தில் பெரிய சத்தம். அத்தனை வருஷம் அலைந்து வாங்கினதை அடுத்த ஊருக்குத் தூக்கிக் கொடுக்கவா என்று அவருடைய சொந்தத் தம்பியே எழுந்து கேட்டிருக்கிறான்.

"இப்ப அந்த ஊர்க்காரங்க வர்றாங்களா?"

"வர்றாங்க. குடுத்த வாக்கத் திருப்பி வாங்க யாருக்கும் மூஞ்சி இல்ல. ஆனா முறைப்புதான்."

அவரைச் சந்தையின் கோடியில் கண்டுபிடித்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. ஜீப்பை விற்றாகிவிட்டது, ஷேர் ஆட்டோக்கள் வந்துவிட்டன. வேர்க்கடலை வாங்கி ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார். என் குழந்தையைப் பற்றிக் கேட்டார். நானும் சுற்றி வளைக்காமல், "இன்னாத்துக்குண்ணா அப்பிடிப் பண்ணீங்க?" என்று கேட்டேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். யாரும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன், திட்டியிருப்பார்கள்.

"அந்த ஊருக்குப் பெரியதனம் பண்ற கவுண்டர் வந்தாரு நர்சம்மா. என்னவிடப் பெரியவரு. எங்கம்மா வழியில மாமன் முறை. நான் குழு ஆபீசுல குந்தினுகீறேன். அவரு தோள்ல இருந்த துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கினு, கை கட்டி நிக்கறாரு. 'தலைவரே, புளி உலுக்கிக்கலாங்களா'ன்றாரு. அவரு தாத்தன் உலுக்கின மரம். நான் இன்னா சொன்னேன்? 'பாக்கலாம்'னேன். அத்தினிதான். 'பாக்கலாம்'. அவரு மூஞ்சி அப்பிடியே சுருங்கிப் போச்சு."

கடலைத் தோலை ஊதினார்.

"அது எனக்கு நல்லா இருந்துச்சு நர்சம்மா. பொய் சொல்ல மாட்டேன். வெல்லம் மாதிரி இருந்துச்சு. எனக்கு அந்தப் புளி வேணாம். வூட்ல கெடக்குது மூட்டை. ஆனா இன்னொரு வாட்டி 'பாக்கலாம்'னு சொல்லணும்னு நாக்கு ஊறுது. இன்னாத்துக்கு வந்தான், இன்னாத்துக்கு வந்தான்னு மலையெல்லாம் கேட்டேனே. விறகுக்கு வந்தான்னீங்க, காசுக்கு வந்தான்னாங்க. எல்லாம் நெசம்தான். வந்தது அதுக்குத்தான். அதெல்லாம் தீர்ந்த அப்பாலயும் இன்னாத்துக்கு வுடாம குந்தினு இருந்தான்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. ஒருத்தன் கேட்டுக்கினு நிக்கறதப் பாக்கறது அத்தினி ருசியா கீது."

பஸ்காரன் ஹார்ன் அடித்தான், நான் அசையவில்லை.

"அப்பறம்?"

"பயந்துட்டேன். எழுந்து வெளிய வந்து அவரு கையப் புடிச்சேன். ஒண்ணும் சொல்லாம ரெண்டு பேரும் அந்தச் சரிவுக்கே நடந்தோம். பெரியவருக்கு இன்னும் பயம். எங்க கூப்டுக்கினு போறான், இன்னா பண்ணப் போறான்னு. நான் செருப்பக் கழட்டிப் போட்டுட்டு மரத்துல ஏறி ஒரு கிளையப் புடிச்சு உலுக்கினேன். ரெண்டு கொத்து வுழுந்துச்சு. அவரு கீழ நின்னு பாத்தாரு பாத்தாரு, பொறுக்கல. 'டேய், எறங்குடா. இந்த மரத்துக்கு அப்பிடி உலுக்கக் கூடாது. எறங்குடா மொதல்ல'ன்னு கத்தினாரு."

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"'டா'ன்னுட்டாரு நர்சம்மா. அப்பாலதான் எனக்கு மூச்சே வந்துச்சு."